பொஸ்டனில் ஒரு செங்கல் கோடு

கிளேட்டன், மெல்பேர்ன்
3 மே 2025

அன்புள்ள அப்பா,

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் நான் எடுத்த புள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். ஆகையால் பிழை பிடிக்காமல் வாசியுங்கோ. போன வருசம் நான் சிட்னியை விட்டு வந்த நாளிலிருந்து போனில் நீங்கள் பேசியது மொத்தம் பத்து 'ம்' தான் இருக்கும். "முக்கியமான விசயமெண்டால் எழுது பிள்ளை, போனில வேண்டாம்" என்று சொன்னது நீங்கள்தானே. இருபத்தாறு வருசம் தபால் கந்தோரில் ஊராரின் தபாலைத் தெருத் தெருவாகப் பிரித்துப் போட்ட மனிசனுக்கு இதோ ஒரு தபால்.

எனக்கும் கவினேஷுக்கும் கல்யாணம் செப்டெம்பர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பொஸ்டனில். கவினேஷின் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அவரை விமானத்தில் ஏற்ற ஏலாது. அதனால் நாங்கள்தான் போகிறோம். அம்மா இல்லாத வீட்டில் தாரை வார்க்க நீங்கள் ஒருவர்தான். ஆகவே சாட்டுச் சொல்ல இடமே இல்லை.

நீங்கள் ஒரு கிழமை முந்தியே வாருங்கோ. அது கார் வேண்டாத ஊர் அப்பா. பழைய ஊர், சின்ன ஊர், எல்லாம் நடந்தே பார்க்கலாம். நடுவில் இருக்கிற பெரிய பூங்காவில் ஒரு செங்கல் கோடு தொடங்குகிறது. நிலத்தில் பதித்த சிவப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பழைய இடுகாடு, கூட்ட மண்டபம், விளக்கேற்றிய தேவாலயம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஆற்றைக் கடந்து அந்தப் பக்கக் குன்றில் கொண்டுபோய் விடும். நாலு கிலோமீற்றர்தான். உங்களுக்கு அது ஒரு தூரமா? முதல் நாள் பாதி, இத்தாலிக்காரரின் தெருவில் சாப்பாடு. இரண்டாம் நாள் மிச்சம். மூன்றாம் நாள் காஸ் விளக்கு எரிகிற மேட்டுத் தெருக்கள். நேரம், கழிப்பறை, உட்காரும் வாங்கு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், சிரிக்காதேங்கோ.

பாஸ்போட் இன்னும் செல்லும்தானே? பார்த்து எழுதுங்கோ.

உங்கள் மகள்,
வர்ஷா

*

டூங்கபி, சிட்னி
12 மே 2025

அன்பு மகள் வர்ஷாவுக்கு,

நலம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முத்திரையின் மூலை கிளம்பியிருந்தது. அடுத்த முறை அழுத்தி ஒட்டு.

நாள் குறித்தது சந்தோசம். கவினேஷின் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஆனால் என்னால் வர இயலாது. முழங்கால் இப்போது சரியில்லை. இருபத்து நாலு மணித்தியாலம் விமானத்தில் குந்தியிருக்க முடியாது. கனடா மாமியும் மாமாவும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வந்து தாரை வார்க்கலாம், முறையில் பிழையில்லை. நீங்கள் திரும்பி வந்த பிறகு இங்கே கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்போம். செலவு என்னுடையது.

நீ எழுதிய நடையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மேட்டுத் தெருக்களில் உருண்டைக் கல் பதித்திருக்கும். மழை பெய்தால் ஆளை வாரிவிடும், குதிச் செருப்போடு போகாதே. கோடு ஆற்றைக் கடக்கிற இடத்தில் இருக்கும் பாலத்துக்கு நடுவில் தட்டு இல்லை, கம்பி வலைதான். வாகனம் ஓடும்போது அது ஊளையிடும். கீழே பார்த்தால் கறுத்தத் தண்ணீர். தலை சுற்றும். அந்தப் பாலத்தை விட்டுவிடு.

பாஸ்போட் அலுமாரியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

அப்பா

*

கிளேட்டன்
20 மே 2025

அப்பா,

முழங்காலா! நான் பிசியோ என்பது மறந்துபோச்சோ? கிறிஸ்மஸுக்கு நான் வந்தபோது டூங்கபி ஸ்டேசன் படியை இரண்டு இரண்டாகத் தாண்டிப் போய் ரயில் கதவைப் பிடித்தது ஆர்? நான்தான் பின்னால் இளைத்துக்கொண்டு ஓடி வந்தேன். பொய் சொல்வதென்றால் கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்கோ.

சரி, நேரே கேட்கிறேன். கவினேஷின் வீட்டார் எந்த ஊர், என்ன சாதி ஆக்கள் என்று ஆராவது உங்கள் காதில் ஓதினார்களா? அதுதானா விசயம்? இவ்வளவு காலமும் "மனிசரை மனிசராய்ப் பார்" என்று எனக்குச் சொல்லித் தந்துவிட்டு, என் கழுத்தில் தாலி ஏறப்போகிற நேரத்தில் இதையா கிளறப்போகிறியள்? அப்படியென்றால் வெட்கக்கேடு.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைக் கவினேஷுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பாலம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கம்பி வலைப் பாலம் ஒன்று இருந்ததாம். அவர் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்தில் அது ஊளையிட்டதாம். பிறகு நடுவை மூடிவிட்டு, இப்போது அதை இடித்தே புதுப் பாலம் கட்டியாயிற்று. "உங்கட அப்பா எப்ப இங்க வந்தவர்?" என்று கேட்டார். அவர் அமெரிக்கப் பக்கமே போனதில்லை என்றேன். போனதில்லைத்தானே?

கேட்கத் தொடங்கினால் எனக்குக் கேள்வி நிறைய இருக்கு. சாமி அறையில் இருக்கிற சித்தப்பாவின் படம். உங்கள் தம்பி என்கிறியள். நீங்கள் இருவரும் பெடியளாய்ச் சேர்ந்து நிற்கிற அந்தப் படத்தில் அவர் உங்களைவிட மூத்தவராய்த் தெரிகிறார் அப்பா. பேர் கேட்டால் "தம்பி" என்றுவிட்டு எழும்பிப் போவியள். ஒவ்வொரு ஐப்பசியும் அவருக்குத் துவசம் வீட்டில் நடக்கும். ஐயர் பேர் கேட்பார், நீங்கள் குனிந்து அவரின் காதுக்குள் மட்டும் சொல்வியள். சின்ன வயதில் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் பதில் வேண்டும்.

வர்ஷா

*

டூங்கபி
29 மே 2025

வர்ஷா,

பாலத்தை ரீவியில் பார்த்தேன். படத்தைப் பற்றி இனிக் கேளாதே.

என் பெயரில் எந்தப் போமும் நிரப்பாதே. அமெரிக்காவுக்கு மட்டுமில்லை, எதற்கும். கவினேஷிடமும் சொல்லிவை, அவர் இணையத்தில் வேலை செய்கிற பெடியன், உதவி என்று நினைத்து ஏதாவது செய்துவிடுவார். என் பாஸ்போட் இலக்கத்தை ஒருவருக்கும் கொடுக்காதே. இதை விளையாட்டாக எடுக்காதே பிள்ளை.

ஆக்கள் பார்க்கிறேனா என்று கேட்டிருந்தாய். அப்படித்தான் என்று வைத்துக்கொள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்பா

*

கிளேட்டன்
9 ஜூன் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். பிறகு பயந்தேன். ஏனென்றால் அது வந்து சேர முந்தியே நான் செய்துவிட்டேன்.

மே முப்பதாம் தேதி பின்னேரம், வேலையால் வந்து தேத்தண்ணியோடு குந்தி, உங்கள் பெயரில் அமெரிக்கப் பயண அனுமதிப் போமை இணையத்தில் நிரப்பி அனுப்பினேன். இரண்டு வருசத்துக்கு முந்தி சிங்கப்பூர் ரிக்கற் போட்டபோது எடுத்த பாஸ்போட் படம் என் போனில் கிடந்தது. எல்லா ஆயத்தத்தையும் செய்துவிட்டு, ரிக்கற்றையும் கையில் தந்தால் மாட்டேன் என்று சொல்லமாட்டியள் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு பிடிவாதம், நான் உங்கள் மகள்.

மிகக் கவனமாக நிரப்பினேன் அப்பா. ஒரு எழுத்தும் பிழை விடவில்லை. பொய் சொன்னால் வாழ்நாள் முழுக்க விடமாட்டார்கள் என்று கவினேஷ் சொன்னார். 'வேறு பெயரால் அழைக்கப்படுகிறீர்களா' என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று போடப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. எனக்கு ஏழு வயதிருக்கும், கனடா மாமி போனில் வந்தார். நான் எடுத்தேன். "சிறி எங்கயடி, சிறியைக் கூப்பிடு" என்றார். நீங்கள் போனைப் பறித்துக்கொண்டு பின் வளவுக்கு ஓடினியள். எங்கள் ஆக்களில் ஆருக்குத்தான் வீட்டுப் பேர் ஒன்று இல்லை? சிறி என்று எழுதினேன். உண்மையை எழுதினோம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

மூன்று நாளில் பதில் வரும் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்தது. உங்களுடையது பத்து நாளாகப் பரிசீலனையில் என்றே நிற்கிறது. ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன்.

பிழை ஏதும் செய்துவிட்டேனா? தயவு செய்து எழுதுங்கோ.

வர்ஷா

*

டூங்கபி
9 ஜூன் 2025

பிள்ளை வர்ஷா,

இன்று பொது விடுமுறை, தபால் பெட்டியைத் திறக்க ஆள் வராது. நாளைக் காலை ஸ்டேசன் வாசலில் போடுவேன். வாசித்துவிட்டு எரித்துவிடு.

நான் ஆக்கள் பார்க்கிறவன் என்று நினைத்தாய். நினைக்கட்டும், அது பாதுகாப்பு என்று விட்டேன். ஆனால் உன் மனதில் அப்படி ஒரு மனிசனாக இருந்து சாக எனக்கு விருப்பமில்லை.

சாமி அறையில் இருப்பவர் உனக்குச் சித்தப்பா இல்லை, பெரியப்பா. அவர்தான் மகேந்திரராஜா. என் பெயர் சிறிஸ்கந்தராஜா.

தொண்ணூற்று மூன்று மாசியில் ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லி என்னைக் கொண்டுபோய்ப் பொஸ்டனில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். இருபத்தாறு வயது. பனி. ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரவில் படுக்கலாம், பகலில் வெளியே போய்விட வேண்டும். பாஷை தெரியாது, வழி தெரியாது. நிலத்தில் சிவப்பாக ஒரு கோடு போனது. அதைப் பிடித்து நடந்தால் பிடித்துக்கொண்டே திரும்பலாம், துலைய மாட்டோம். பதினொரு நாள் அதில்தான் நடந்தேன். என்ன கட்டடம், எவன் கட்டினது ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் பஸ் நிலையத்தில் பிடித்தார்கள். பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தார்கள். என் சொந்தப் பெயரில். பிறகு கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வருசம் அண்ணாவுக்கு ஆஸ்திரேலியா விசா கிடைத்தது. படித்தவர், ஒழுங்காக எழுதிப் போட்டு ஒழுங்காக எடுத்த விசா. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். ரிக்கற் போட அவரின் பாஸ்போட்டும் அடையாள அட்டையும் பயண முகவரிடம் போயிருந்த நேரம் அவருக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. அட்டை இல்லாத தமிழனை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பொலிஸ் வரும். லொட்ஜ்காரர், "உன்ர ஐசியைக் குடடா தம்பி, ரெண்டு பேருக்கும் முகம் ஒண்டுதானே. சுகம் வந்தாப் பிறகு பாப்பம்" என்றார். கொடுத்தேன். சுகம் வரவில்லை. நாலாம் நாள் அண்ணா செத்தார். என் பெயரில் செத்தார். மரணச் சான்றிதழில் சிறிஸ்கந்தராஜா.

பாஸ்போட் திரும்பி வந்தது. பதினைந்தாம் நாள் விமானம். செத்தவன் நான் என்று தாள் சொல்லுது. உயிரோடு இருக்கிறவனுக்கு விசா இருக்கு. நான் ஏறினேன். இதற்கு மேல் எனக்கு நியாயம் சொல்லத் தெரியாது.

மாமிக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும், கலியாணத்துக்கு முதலே சொன்னேன். வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஐயரின் காதில் என்ன சொன்னேன் என்று கேட்டாயே. இந்த ஊருக்கு நான் மகேந்திரராஜா. செத்தவரின் பெயரும் அதுதான் என்று எப்படிச் சொல்லுவது? சிறிஸ்கந்தராஜா என்று சொன்னேன். முப்பது வருசமாக என் பெயருக்கு நானே பிண்டம் வைக்கிறேன் பிள்ளை. அண்ணாவுக்கு ஒரு உருண்டைச் சோறு போகவில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் அந்தச் சோற்றைக் காகம் எடுக்கும்போது நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அமெரிக்கா இறங்கினால் விரல் வைக்கச் சொல்வார்கள். பெயர் மாறும், விரல் மாறாது. அதனால்தான் வரமாட்டேன் என்றேன். போம் நிரப்பாதே என்றேன். அந்தப் பழைய பெயர் எந்தத் தாளிலும் ஏறாத வரைக்கும் நாங்கள் தப்பினோம். முக்கியமாய் என்னைச் சிறி என்று ஒரு இடத்திலும் சொல்லிவிடாதே.

அப்பா

*

கிளேட்டன்
17 ஜூன் 2025

அப்பா,

இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கு. என்னுடையதை நீங்கள் வாசித்திருப்பியள். உங்களுடையதின் கடைசி வரியை நான் வாசித்தபோது வேலை இடத்தில் நின்றேன். ஒரு நோயாளி என்னைப் பிடித்து இருத்தினார்.

நேற்றுப் பதில் வந்தது. ஒரே வரி. 'பயண அனுமதி வழங்கப்படவில்லை.' காரணம் போடவில்லை. ஆருக்கு அறிவிப்பார்கள், ஆரோடு பகிர்வார்கள் என்று நான் தேடித் தேடி வாசிக்கிறேன். கடைசியில் பார்த்தால் எல்லா நாடும் எல்லா நாட்டோடும் பகிருமாம்.

என் கையால் செய்தேன் அப்பா. ஒரு எழுத்தும் பிழை விடாமல் செய்தேன்.

கோபமும் இருக்கு, மறைக்க மாட்டேன். நேற்று ராத்திரி முழுக்க என் டிகிரிச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர்ஷா மகேந்திரராஜா. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளையள் சொல்லத் தெரியாமல் சிரிக்கும்போது, "அது என்ர அப்பாவின்ர பேர், ஒழுங்காய்ச் சொல்லு" என்று சண்டை பிடித்தேனே. அது நான் கண்டிராத ஒரு மனிசன். கல்யாண அழைப்பிதழிலும் அதுதான் அடித்திருக்கு. நீங்கள் எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு இல்லை என்று போட்டிருப்பேனே.

கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க மனம் வரவில்லை. உங்கள் பேர் எழுதியிருக்கிற ஒரே தாள் என்னிடம் அதுதான்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறேன். கவினேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பதினொரு நாளும் அங்கிள் என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு ஆராவது வந்தார்களா? தபால் ஏதும் வந்ததா? உடனே எழுதுங்கோ.

வர்ஷா

*

டூங்கபி
5 ஓகஸ்ட் 2025

பிள்ளை வர்ஷா,

உடனே எழுதச் சொன்னாய். எழுத ஒன்றும் வராமல் இருந்தது. இப்போது வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். பதிவுத் தபால், குடிவரவுத் திணைக்களம். பெடியன் "மகேந்திரராஜா?" என்று கேட்டான். ஓம் என்று கையெழுத்துப் போட்டேன். முப்பது வருசப் பழக்கம்.

உறையை இன்னும் திறக்கவில்லை. மூன்று நாளாக மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். தபால் பிரித்த கைக்குத் திறக்காமலே தெரியும். நல்ல செய்தி மெல்லிய உறையில் வரும். இதற்குள் மூன்று நாலு தாள், பதில் போட மடித்து வைத்த ஒரு உறையும் இருக்கு.

நேற்றுப் பிளாக்டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கெட்டிக்காரப் பிள்ளை, உன் வயதுதான். "அங்கிள், அவை கேக்க முந்தி நீங்களாச் சொன்னா ஒரு மாதிரி, கேட்டாப் பிறகு சொன்னா இன்னொரு மாதிரி" என்றா. குடியுரிமை போகலாம் என்றா. அனுப்பவும் கூடும் என்றா. எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டேன், அங்கே நான் செத்து முப்பது வருசம். அந்தப் பிள்ளை அதைக் குறித்துக்கொண்டா. நாளைக் காலை பத்து மணிக்கு அவவோடு திணைக்களத்துக்குப் போய் நானாகச் சொல்லப்போகிறேன். உறையை அவவின் மேசையில் வைத்துத் திறப்போம். திரும்பி வீட்டுக்கு வருவேனா, வந்தால் எத்தனை நாளைக்கு, ஒன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது. உனக்கு இனிப் பொய் எழுதமாட்டேன்.

நீ செய்தது பிழை இல்லை. உண்மையை எழுதினாய். முப்பது வருசத்தில் அந்தப் பெயரை உண்மையாக எழுதியது நீ ஒருத்திதான்.

கல்யாணத்தைத் தள்ளாதே. இது என் சொல். தாரை வார்க்கும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். மாமாவைச் சத்தமாகச் சொல்லச் சொல்லு, காதுக்குள் வேண்டாம். சிறிஸ்கந்தராஜாவின் மகள் வர்ஷா என்று சொல்லட்டும். ஐப்பசியில் அண்ணாவின் துவசம். நான் இல்லாவிட்டால் நீ அங்கே ஒரு கோயிலில் மகேந்திரராஜா என்ற பெயருக்கு ஒரு பிடி சோறு வை. அவர் கனகாலமாகப் பசியோடு இருக்கிறார்.

நீங்கள் இருவரும் அந்தக் கோட்டில் நடவுங்கள். பாதியில் விடாமல் கடைசி வரை போங்கள். புதுப் பாலம் ஊளையிடாது. தேவாலயத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு வெதுப்பகம் இருந்தது. அங்கே ஒரு கிழவர் முதல் நாள் மிஞ்சிய பாணைப் பின்கதவால் தருவார். பதினொரு நாளும் அதுதான் சாப்பிட்டேன் என்று கவினேஷிடம் சொல்லு.

உன் பதில் எனக்கு வேண்டும். நான் எங்கே இருந்தாலும் வக்கீல் கொண்டுவந்து தருவா. ஒரே ஒரு காரியம் செய். உறையில் என் பெயரை எழுது. இருபத்தாறு வருசம் லட்சக்கணக்கான தபாலைப் பிரித்திருக்கிறேன். என் பெயருக்கு ஒன்றும் வரவில்லை.

முத்திரையை அழுத்தி ஒட்டு.

உன் அப்பா,
சிறிஸ்கந்தராஜா